திருந்திய நாயகனும் திருந்தாத படமும்

தன்னலத்தில் தோய்ந்த ஒருவன் பிறர் துயர் கண்டு நெஞ்சுருகி வேறு மனிதனாக எழுந்தான் என்னும் கதை, மக்களினம் சொல்லியும் கேட்டும் சலியாத கதைகளுள் ஒன்று. கொன்றவர்களின் விரல்களை மாலையாகக் கோத்தணிந்த அங்குலிமாலன் புத்தர்முன் படைக்கலம் துறந்த கதை அது. கலிங்கப் போரின் பேரழிவை எண்ணி வருந்தியதாக அசோகன் தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டில் பொறித்துவைத்த செய்தியும் அதுவே. இக்காலத்தில் அக்கதையைச் சொல்லும் பொறுப்பைப் பெருமளவுக்குத் திரைப்படம் ஏற்றுக்கொண்டுவிட்டது. சாட்டையும் துப்பாக்கியும் ஏந்திப் புதையல் தேடிச் செல்லும் வீரன் இறுதியில் புதையலைக் கைவிட்டுக் குழந்தைகளைக் காக்கிறான், அரங்கம் கைதட்டுகிறது, நாமும் கைதட்டுகிறோம்.

அக்கைதட்டல் குறித்தே ஈண்டு ஒரு வழக்குரைக்க விழைகிறோம். வழக்கின் பொருள் பழைய படம் ஒன்று: ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கி, 1984-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்த ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் தி டெம்பிள் ஆஃப் டூம்’. நாற்பது ஆண்டுகள் கடந்த பின்னும் தொலைக்காட்சி வழியாகவும் கைப்பேசி வழியாகவும் அது நம் இல்லங்களுக்குள் வந்துகொண்டேயிருக்கிறது. அதனைப் பற்றி இரு சாரார் இரு விதமாகப் பேசுவர். ‘வெறும் பொழுதுபோக்கு, அதில் ஆராய என்ன இருக்கிறது?’ என்பர் ஒரு சாரார். ‘இந்தியாவை இழிவுபடுத்திய படம், அதைக் காண்பதே தகாது’ என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரோடும் நாம் மாறுபடுகிறோம். அப்படத்தின் நாயகன் தன்னலத்திலிருந்து அருளை நோக்கி நடந்த நடை மெய்யானது, மதிக்கத்தக்கது. ஆயின், தன் நாயகன் கற்ற பாடத்தை அப்படம் கற்கவில்லை. நாயகன் திருந்தினான், படம் திருந்தவில்லை. இதுவே எம் வழக்கு.

நாயகன் நடந்த வழி

கதை 1935-ஆம் ஆண்டில் ஷாங்காய் நகரத்து இரவு விடுதி ஒன்றில் தொடங்குகிறது. ஹாரிசன் ஃபோர்டு நடித்த தொல்பொருள் ஆய்வாளன் இந்தியானா ஜோன்ஸ் அங்கே பேரம் பேச வந்திருக்கிறான். மஞ்சு இனத்து அரசன் நூர்ஹாசியின் சாம்பலை ஒரு கொள்ளைத் தலைவனிடம் கொடுத்து, ஈடாக வைரம் பெறுவதே அப்பேரம். பேரத்தில் சிக்கல் எழுந்ததும், அருகிலிருந்த பாடகியின் விலாவில் கூரிய முள்கரண்டியை வைத்து மிரட்டவும் அவன் தயங்கவில்லை. இறந்தவனின் சாம்பல் அவனுக்கு விலைப்பொருள். உயிரோடிருப்பவளின் உடல் பிணைப்பொருள். நாயகனை இத்துணைத் தாழ்ந்த நிலையில் அறிமுகப்படுத்திய துணிவைப் பாராட்டத்தான் வேண்டும். தாழ்ந்து நின்றவன் உயர்ந்தால்தான் உயர்வு கண்ணுக்குத் தெரியும்.

அங்கிருந்து தப்பி ஓடுகையில் விமானம் வீழ்கிறது. இமயத்துப் பனிச்சரிவில் சறுக்கி, ஆற்றில் மிதந்து, அவனும் பாடகியும் ஷார்ட் ரவுண்டு என்னும் சீனச் சிறுவனும் வட இந்தியச் சிற்றூர் ஒன்றை அடைகின்றனர். வயல்கள் காய்ந்து கிடக்கின்றன, கிணறுகள் வற்றிவிட்டன, ஊரில் குழந்தைகளே இல்லை. ஊரைக் காத்த சிவலிங்கக் கல்லைப் பாங்கோட்டு அரண்மனையார் கவர்ந்து சென்றனர். பிள்ளைகளையும் கொண்டு சென்றனர். பசியால் வாடும் அவ்வூரார், இருந்த உணவை விருந்தினர்முன் வைக்கின்றனர். பாடகி முகம் சுளிக்கிறாள். அது அம்மக்கள் ஒரு வாரத்தில் உண்ணும் உணவினும் மிகுதி என்று அவளைக் கடிந்து உண்ணச் செய்கிறான் நாயகன். அவன் உள்ளத்தில் ஈரம் உண்டு என்பதற்கு இதுவே முதற் சான்று. ஆயினும் மறுநாள் அவனைப் புறப்படச் செய்தது அந்த ஈரம் அன்று. அந்தக் கல் சங்கரர் பெற்ற ஐந்து தெய்வக் கற்களுள் ஒன்றாயின் செல்வமும் புகழும் கிட்டும் என்னும் ஆசையே அவனை அரண்மனைக்கு இட்டுச் சென்றது. சிறுவன் கேட்டபோது அவனே வாய்விட்டு அதனைச் சொல்லிவிடுகிறான்.

படத்தின் உயிர்நிலை அரண்மனைக்குக் கீழே உள்ள பாதாளக் கோயிலில் இருக்கிறது. மூன்று கற்களும் அவன் பைக்குள் வந்துவிட்டன. வந்த வழியே திரும்பினால் அவன் தேடிய செல்வமும் புகழும் அவனுக்கே. அவ்வேளை எங்கிருந்தோ ஓர் ஒலி கேட்கிறது. அதனைத் தொடர்ந்து சென்று பார்க்கிறான். சுரங்கத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்ட குழந்தைகள் மண்வெட்டுகின்றனர்; காவலன் ஒரு குழந்தையைச் சாட்டையால் அடிக்கிறான். நாயகன் ஒரு கல்லை எடுத்து அக்காவலன்மேல் எறிகிறான். அதனால் காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபடுகிறான். தான் பிடிபடுவோம் என்று அறிந்தே ஒருவன் தன் ஒளிவிடத்தை விட்டு வெளிப்பட்டான் என்றால், அந்தக் கணத்தில் அவனுடைய கணக்குப் புத்தகம் கிழிந்துபோயிற்று என்று பொருள். பிறன் முதுகில் விழும் அடியைத் தன் முதுகில் விழுந்ததாக உணர்வது யாதோ, அதுவே அருளின் தொடக்கம்.

தொடங்கிய உடனே அது வென்றுவிடவில்லை என்பதும் கருதத்தக்கது. பூசாரி மோலா ராம், காளியின் குருதி எனச் சொல்லப்படும் ஒன்றை அவன் வாயில் ஊற்றுகிறான். நாயகன் அறிவிழந்து அடிமையாகிறான். தன்னை நம்பிய சிறுவனையே அறைகிறான். பாடகியைப் பலியிடத் துணைநிற்கிறான். அம்மயக்கம் எதனால் தெளிந்தது? சிறுவன் ஏந்திய தீப்பந்தம் அவன் விலாவைச் சுட்டதனால் தெளிந்தது. குண்டுவீச்சில் பெற்றோரை இழந்து ஷாங்காய்த் தெருவில் வளர்ந்த ஏதிலிச் சிறுவன் அவன். அறைந்த கையை வெறுக்காமல், ‘உம்மை நான் நேசிக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே அவன் சுட்டான். விழித்தெழுந்த நாயகனைப் பாடகி, ‘இங்கிருந்து வெளியேறிவிடுவோம்’ என்று அழைக்கிறாள். அவனோ, போவதானால் எல்லாருமாகத்தான் போவோம் என்கிறான். குழந்தைகளின் சங்கிலிகள் கழல்கின்றன. பின்னர்த் தொங்குபாலத்தில் நடந்த போராட்டத்தில் இரு கற்கள் ஆற்றில் வீழ்ந்து மறைய, எஞ்சிய ஒன்றை ஊர்ப் பெரியவரிடமே ஒப்படைக்கிறான். அதனை வைத்துக்கொண்டிருக்கலாமே என்றதற்கு, கொண்டுபோனால் அருங்காட்சியகத்தில் தூசி படியும் மற்றுமொரு கல்லாகிவிடும் என்று விடையிறுக்கிறான். சாம்பலையும் வைரத்தையும் பண்டமாற்றுச் செய்தவன் வாயிலிருந்து இச்சொல் வருகிறது. இஃது உண்மையான மாற்றம்.

அன்பும் அருளும்

நம் முன்னோர் அன்பு வேறு, அருள் வேறு எனப் பகுத்துக் கண்டனர். வள்ளுவர் அன்புடைமையை இல்லறவியலுள் எட்டாம் அதிகாரமாக வைத்தார். அருளுடைமையைத் துறவறவியலுள் இருபத்தைந்தாம் அதிகாரமாக வைத்தார். தன்னோடு தொடர்புடையார்மேல் செல்வது அன்பு; தொடர்பு நோக்காது எவ்வுயிர்மேலும் செல்வது அருள். முன்னது முதிர்ந்தே பின்னது பிறக்கிறது. இந்த அளவுகோலை இப்படத்தின்மேல் வைத்துப் பார்த்தால், நாயகனின் பயணம் வியத்தகு முறையில் பொருந்துகிறது. ஒரு சிறுவனிடம் அவன் கொண்ட அன்பு, பெயரறியாத நூறு சிறுவர்மேல் படரும் அருளாக விரிகிறது. அச்சிறுவனாக நடித்த கீ ஹுய் குவான், வியத்நாமின் சைகோன் நகரில் 1971-இல் பிறந்து, ஏதிலியாக அமெரிக்கா சேர்ந்தவர். 2023-இல் மற்றொரு படத்துக்காகத் துணைநடிகருக்குரிய ஆஸ்கர் விருதைப் பெற்றார். பன்னிரண்டு வயதில் அவர் அப்பாத்திரத்துக்கு ஊட்டிய உயிர்ப்பே நாயகனின் மாற்றத்தை நம்பச் செய்கிறது.

ஆனால் அன்பு அருளாக விரிவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிரில் நிற்பவனும் நம்மைப்போல் ஓர் உயிர் என்னும் உணர்வு வேண்டும். அவனுக்கும் பெயருண்டு, மொழியுண்டு, பசியுண்டு, மானமுண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். நாயகன் அதனை ஒப்புக்கொண்டான். அவனைப் படைத்தவர்கள் ஒப்புக்கொண்டார்களா?

முகமில்லாத மக்கள்

படத்தின் பெயர்பெற்ற விருந்துக் காட்சியைக் காண்போம். அரண்மனையில் விருந்து. பாம்பின் வயிற்றைக் கிழிக்க அதனுள்ளிருந்து குட்டிப் பாம்புகள் நெளிகின்றன. பெரிய வண்டுகளை உடைத்து உறிஞ்சுகின்றனர். குழம்பில் விழிகள் மிதக்கின்றன. குரங்கின் தலையில் குளிர்ந்த மூளை பரிமாறப்படுகிறது. இத்தகைய விருந்து இந்தியாவின் எந்த அரண்மனையிலும் எந்தக் குடிசையிலும் நடந்ததில்லை. நகைப்புக்காகச் சமைக்கப்பட்ட விருந்து அது. சற்று முன்னர்தான் அதே படத்தில், ஏழைகளின் உணவை இகழாதே என்று நாயகன் ஒரு பெண்ணைக் கடிந்தான். அந்த அறிவுரையின் ஈரம் காயுமுன், ஒரு நாட்டின் உணவையே அருவருப்பாக்கி உலகத்தைச் சிரிக்கவைத்தது படம். நாயகன் சொன்னதைப் படமே கேட்கவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அடுத்து மொழி. கதையில் மாற்றங்கள் வேண்டும் என்று இந்திய அரசு கேட்டது. படக்குழுவினர் அதற்கு இசையாமல் இலங்கைக்குச் சென்று, 1983-இல் கண்டிப் பகுதியில் படம்பிடித்தனர். ஆதலின் வட இந்தியச் சிற்றூரார் என்று காட்டப்படுவோர் பேசுவது சிங்களம். ஊர்ப் பெரியவராக நடித்த டி. ஆர். நாணயக்கார சிங்களத் திரையுலகின் நடிகர், ஆங்கிலம் அறியாதவர். இயக்குநர் சொல்லச் சொல்ல ஒலியைக் கேட்டு அவ்வாறே திருப்பிச் சொன்னார் என்பர். அவருடைய முகத்தில் தெரியும் துயரம் நடிப்புத் திறத்துக்குச் சான்று, அவர்மேல் குற்றமில்லை. எந்த மக்களுக்காக நாயகன் உயிரைப் பணயம் வைக்கிறானோ, அம்மக்கள் எம்மொழி பேசுவர் என்பதைக்கூடப் படைத்தோர் பொருட்படுத்தவில்லை என்பதே எம் குறை. மீட்கப்படும் நூற்றுக்கணக்கான குழந்தைகளுள் ஒருவன் சில சொற்கள் பேசுகிறான். அவன் பெயரும் நம் செவிக்கு எட்டுவதில்லை. சீனச் சிறுவனுக்குப் பெயரும் வரலாறும் உண்டு. இந்தியச் சிறுவர்க்கு விலங்கு மட்டுமே உண்டு.

காளியோ குழந்தைகளைத் தின்னும் பூதமாகிவிடுகிறாள். தட்சிணேசுவரத்தில் இராமகிருஷ்ணர் தாயே என்று அழைத்தது அவளை. பாரதி பாடிப் பரவியதும் அவளை. நம் ஊர் எல்லைகளில் பிள்ளைக்கு நோய் கண்டால் வேப்பிலையோடு ஓடி நிற்பதும் அவள் வாயிலில். அவளுக்கு உயிர்ப்பலி இட்டதுண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. ஆனால் ஒரு தெய்வத்தைக் கோடிக்கணக்கானோர் எவ்வாறு நெஞ்சில் வைத்துள்ளனர் என்பதன் நிழலேனும் படத்தில் உண்டா என்றால், இல்லை. ஊசி குத்தினால் எதிரி துடிக்கும் பொம்மை வேறு, எந்த நாட்டுக் கதையிலிருந்தோ பிடுங்கிவந்து இளவரசன் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இறுதியாக, மீட்பு யாரால் நிறைவுறுகிறது? 1935-ஆம் ஆண்டு என்பதை மறந்துவிடலாகாது. புதிய இந்திய அரசுச் சட்டம் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தில் நிறைவேறிய ஆண்டு அது. உப்புக்காகத் தடியடி பட்டோரும் சிறை சென்றோரும் நிறைந்திருந்த நாடு இது. படத்திலோ விடுதலைப் போராட்டத்தின் ஒலி இல்லை. ஆங்கிலம் கற்று, நாகரிகமாகப் பேசும் திவான் சத்தர் லால் மறைவில் நரபலிக் கூட்டத்தைச் சேர்ந்தவன். பாலத்தின் முடிவில் துப்பாக்கியேந்தி வந்து ஒழுங்கை நிலைநாட்டுவது வெள்ளைக்காரத் தளபதியின் படை. கற்ற இந்தியன் வஞ்சகன், கல்லாத இந்தியன் கையாலாகாதவன், காக்க வல்லவன் ஆள வந்தவன் என்பதே இதன் கீழ்ப்பாட்டு. அத்திவானாக நடித்த ரோஷன் சேத், இரண்டாண்டுகளுக்கு முன் வெளிவந்த ‘காந்தி’ படத்தில் நேருவாக நடித்தவர் என்பது வரலாற்றின் குறும்பு.

இக்கீழ்ப்பாட்டு 1984-இல் பிறந்ததன்று. 1830-களில் கம்பெனி அதிகாரி ஸ்லீமன் தக்கர் எனப்பட்ட வழிப்பறிக் கூட்டத்தாரை ஒடுக்கினார். 1839-இல் மெடோஸ் டெய்லர் அவர்களைப் பற்றி எழுதிய ஆங்கில நாவல் பெரும் புகழ் பெற்றது. நூறாண்டு கழித்து 1939-இல் வந்த ‘கங்கா தின்’ என்னும் ஹாலிவுட் படத்திலும் அதே காளி கோயில், அதே தக்கர் தலைவன், அதே தொங்குபாலம். வழிப்பறிக்காரர் இருந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆனால் குற்றவாளிகளைப் பற்றிய கதை, குற்றமே பிறப்பாகக் கொண்ட மக்கள் உண்டு என்னும் கொள்கையாகத் தடித்தது. 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டம் அக்கொள்கையின் குழந்தை. 1911-இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. அதனை எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மேல் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடந்தது; பலர் மாண்டனர். கதைதானே என்று சொல்வோர் இவ்வரலாற்றைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும்.

நாகர் மலையில் சாதுவன்

அந்நிய நிலத்தில் வீழ்ந்து திருந்திய நாயகனை வேறு விதமாகக் காட்டவியலாதா என்று கேட்போருக்கு, நம் மொழியிலேயே விடை இருக்கிறது. மணிமேகலைக் காப்பியத்தில் ஆதிரை பிச்சையிட்ட காதையை எடுத்துப் பாருங்கள். ஆதிரையின் கணவன் சாதுவன் கணிகையிடத்தும் சூதாட்டத்திலும் பொருளை இழந்தவன். மனைவியை மறந்த தன்னலத்தான். பொருள் தேட வங்கமேறினான். புயலில் கலம் உடைந்தது. முறிந்த மரமொன்றைப் பற்றி, ஆடையற்ற நாகர் வாழும் மலையில் ஒதுங்கினான். அவர்கள் நரமாமிசம் உண்போர். களைத்து உறங்கியவனை உணவாக்கச் சூழ்ந்தனர்.

இனி நடப்பதைக் காணுங்கள். சாதுவன் சாட்டையைச் சுழற்றவில்லை. அவர்களுடைய மொழியை அவன் அறிந்திருந்தான், அம்மொழியில் பேசினான். வியந்த நாகர் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் சென்றனர். தலைவன் கள்ளும் ஊனும் பெண்ணும் தரப் பணித்தான். சாதுவன் மறுத்தான். கள்ளும் பெண்ணும் இல்லாவிடில் வாழ்வில் பயன் என்ன என்று தலைவன் சினந்து கேட்கிறான். உயிர் என்ற ஒன்று உடலை விட்டுப்போய் வேறிடம் புகும் என்கிறாயே, அஃது எவ்வாறு என்று வினவுகிறான். சாதுவன் விளக்குகிறான், தலைவன் கேட்கிறான், இறுதியில் இசைகிறான். எங்களால் இயன்ற அறத்தைச் சொல் என்கிறான். உடைந்த கலத்தோடு கரையொதுங்குவோரைக் கொல்லாது காப்பீர் என்று கேட்டுக்கொள்கிறான் சாதுவன். முன்னர் ஒதுங்கியோரிடம் கவர்ந்த அகிலையும் சந்தனத்தையும் துகிலையும் தலைவன் அவனுக்கே அளிக்கிறான்.

சாத்தனாரும் நாகரை வெளியிலிருந்தே பார்த்தவர்தாம். அவர்களுடைய இருப்பிடத்துப் புலால் நாற்றத்தையும் வெள்ளெலும்புகளையும் சொல்லத் தவறவில்லை. ஆயினும் நரமாமிசம் உண்பவனுக்கும் அவர் ஒரு வாய் கொடுத்தார்; அவ்வாயில் ஒரு வினாவை வைத்தார்; வினாவுக்கு மதிப்பளித்து விடை சொல்ல வைத்தார். திருந்தியவன் சாதுவன் மட்டும் அல்லன். நாகர் தலைவனும் திருந்தினான். ஒருவன் உயர்வதற்காக மற்றொருவன் பூதமாக்கப்படவில்லை. பல நூற்றாண்டுகளுக்கு முன் பனையோலையில் எழுதியவர் கண்ட நெறியை, கணினியும் பெரும்பொருளும் பெற்ற காலத்துப் படைப்பாளிகள் காணத் தவறியது ஏன் என்பதே எம் கேள்வி.

கல் திரும்பிய வழி

படத்தின் முடிவில் கல் ஊருக்குத் திரும்புவதைக் கண்டு நாம் நெகிழ்கிறோம். அந்நெகிழ்ச்சி தவறன்று. நம் மண்ணிலும் களவுபோன தெய்வங்கள் உண்டு. திரும்பிய தெய்வங்களும் உண்டு. தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் 1976-இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர் கடல்கடந்து இலண்டன் சென்றார். அங்கே நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. வழக்காடிகளுள் ஒருவராக அவ்வூர்க் கோயிலின் சிவலிங்கமே நின்றது. மேல்முறையீட்டிலும் தீர்ப்பு நம் பக்கமாக, 1991-இல் நடராசர் தமிழகம் மீண்டார். அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர், ஆஸ்திரேலிய தேசியக் காட்சிக்கூடத்திலிருந்து 2014-இல் மீண்டார். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்துவைத்திருந்த நிழற்படம் அவரை இன்னாரென்று அடையாளம் காட்டியது.

இம்மீட்புகளில் வானத்திலிருந்து விழுந்த வீரன் எவனும் இல்லை. மண்ணைத் தோண்டிய தொழிலாளியின் சாட்சியம் இருந்தது. ஊராரின் நினைவு இருந்தது. காவலர், வழக்கறிஞர், நிழற்படக்காரர், அறிஞர் ஆகியோரின் பல்லாண்டுப் பொறுமை இருந்தது. படத்தின் ஊராரோ சிவன் உம்மை அனுப்பினார் என்று கைகூப்பி நிற்பதோடு சரி. பாதிக்கப்பட்டோரும் தம் மீட்பில் பங்குடையோர் என்பதைக் காணாத கருணை, கருணை பெறுவோனை என்றும் இரவலனாகவே வைத்திருக்கும்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

விளையாட்டுப் படத்தை இத்துணை ஆழமாக நோக்குவானேன் என்பது முதல் மறுப்பு. இதற்கு அமெரிக்கரே விடை தந்துவிட்டனர். இப்படத்தின் கொடூரக் காட்சிகள் தம் குழந்தைகளை அஞ்சச் செய்வதாக அங்குள்ள பெற்றோர் குரலெழுப்பினர். இதனையும் அதே கோடையில் வந்த மற்றொரு படத்தையும் ஒட்டியே, பதின்மூன்று வயதுக்குட்பட்டோர் குறித்துப் பெற்றோரை எச்சரிக்கும் புதிய தணிக்கைப் பிரிவை 1984 ஜூலையில் அந்நாட்டுத் திரைத்துறை ஏற்படுத்தியது. தம் குழந்தைகளின் உறக்கம் கெடுவதை அவர்கள் ஆராயலாம். நம் குழந்தைகளின் மானம் கெடுவதை நாம் ஆராயலாகாதோ?

நம் படங்களிலும் நாம் இதையே செய்கிறோமே, அயலார் செய்தால் மட்டும் ஏன் துடிக்கிறோம் என்பது இரண்டாம் மறுப்பு. மோலா ராமாக நடித்த அம்ரீஷ் புரி, பின்னாளில் ‘தளபதி’ வழியாகத் தமிழருக்கும் நன்கு அறிமுகமானவர், தம் தன்வரலாற்றில் ஏறத்தாழ இவ்வாறே வாதிட்டார். இம்மறுப்பை நாம் தள்ளவில்லை, முழுமையாக ஏற்கிறோம். பிழைப்புக்காக வடக்கே வந்து குடியேறிய நமக்கு இதன் இரு முனைகளும் தெரியும். 1968-இல் வந்த ‘படோசன்’ படத்தில் மெஹ்மூத் ஏற்ற பிள்ளை என்னும் பாட்டாசிரியர் பாத்திரத்தைக் கண்டு வடநாடு சிரித்தது. அச்சிரிப்பு நம் பிள்ளைகளின் வகுப்பறைக்குள் வந்து ‘மதராசி’ என்று கூவியதையும் கேட்டிருக்கிறோம். ஆனால் நம் தமிழ்ப் படங்களில் ‘நம்பள், நிம்பள்’ என்று பேசும் வட்டிக்கடைச் சேட்டைக் கண்டு நாமும் சிரித்தோம் அல்லவா? இலையுடுத்து, முகத்தில் கோடிட்டு, நாயகனைக் கம்பத்தில் கட்டிச் சுற்றி ஆடும் மலைவாசிகளைக் காட்டிய நம் படங்கள் எத்தனை? அந்த மலைவாசிக்கும் ஒரு தாய்மொழி உண்டு என்று நம் இயக்குநர் எத்தனை பேர் எண்ணினர்? இரு தவறுகள் சேர்ந்து ஒரு நேர்மை ஆவதில்லை. அயலார்மேல் வைக்கும் கோலை நம்மேலும் வைப்பதே நடுவுநிலைமை.

அப்படியாயின் தடை செய்துவிடலாமே என்பது மூன்றாவது கூற்று. இந்தியாவில் இப்படம் சில காலம் தடைப்பட்டிருந்தது. தடையால் விளைந்தது என்ன? படம் அழியவில்லை; பிற்காலத்தில் எல்லா வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. அறிவு தெளியாத இடத்தில் தடை விதித்தால், தடை நீங்கும் நாளில் பழைய மயக்கமே மீளும். மேலும், தடை செய்வோர் நாயகனின் அந்த நல்ல கணத்தையும் சேர்த்துத் தடை செய்கின்றனர். பையில் கற்களோடு தப்பிச் செல்லவிருந்தவன் ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டுத் திரும்பினானே, அதனை நம் பிள்ளைகள் காண வேண்டும் என்றே விரும்புகிறோம்.

ஆதலின் பெற்றோருக்கு நாம் சொல்வது இதுதான். பிள்ளைகளோடு உட்கார்ந்து இத்தகைய படங்களைப் பாருங்கள். பார்த்து முடித்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள். நாயகன் எதை இழந்து எதைப் பெற்றான்? அவன் காத்த மக்களுள் ஒருவரின் பெயரையாவது உன்னால் சொல்ல முடியுமா? அவன் உயர்வதற்காக எவர் தாழ்த்தப்பட்டனர்? முதற் கேள்விக்கு இப்படம் நல்ல விடை தரும். இரண்டாவது கேள்விக்கு வாய்மூடி நிற்கும். மூன்றாவது கேள்விக்கு நம் பிள்ளைகளே விடை சொல்லிவிடுவர். அயலூரில் அயலாராக வளரும் பிள்ளைகளுக்கு அவ்விடையைக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறகு தொலைக்காட்சியில் ஒரு தமிழ்ப் படம் ஓடும்போதும், சேட்டோ மலைவாசியோ திரையில் தோன்றும்போதும், அதே மூன்று கேள்விகளை அவர்கள் நம்மை நோக்கிக் கேட்பர். அப்போது நாம் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.